திரும்பப் பெற முடியாத துளை

சமையலறை மேசைமேல் ஒரு ஜோடி ஸ்கீ பலகைகளைக் கிடத்தி, மூக்கிலிருந்து வால்வரை நடுக்கோட்டில் ஒரு தையல் நூலை இழுத்துக் கட்டினேன். செங்கல் வரி நேராக வருகிறதா என்று கொத்தனார் நூல் பிடித்துப் பார்ப்பாரே, அதே வேலைதான். இடது பலகையில் நூல் முன்துண்டின் நடுவிலும் குதிகால் துண்டின் நடுவிலும் பிசகாமல் ஓடியது. வலது பலகையில் முன்துண்டைச் சரியாகக் கடந்த நூல், குதிகால் துண்டின் நடுவைத் தவறவிட்டது. இரும்பு ஸ்கேல் வைத்து அளந்தேன். 4 மில்லிமீட்டர். இரண்டு நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் தடிமன்.

அதற்கு முந்திய வாரம்தான் ஆல்ப்ஸ் அடிவாரத்தில், சுவிட்சர்லாந்தின் சிறுநகரம் ஒன்றில், ஒரு பட்டறையில் அந்தப் பலகைகளுக்குப் புதிய பைண்டிங் பொருத்திக் கொடுத்திருந்தார்கள். கூலி வாங்கிக்கொண்டு, எல்லாம் பார்த்தாயிற்று என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். முதல் நாளே, அப்படியொன்றும் செங்குத்தில்லாத சரிவில், இடப்பக்கம் திரும்பும்போது வலது பலகை காலைவிட்டுக் கழன்றது. பிரேக் கம்பிகள் பனியில் ஊன்றிப் பலகை நின்றது, நான் நிற்கவில்லை. எழுந்து, பனியைத் தட்டி, மறுபடி மாட்டிக்கொண்டு இறங்கினால் நூறு மீட்டரில் மறுபடியும் அதே. இரண்டாம் முறை விழுந்து கிடந்தபோது ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி என்னை ஒரு வளைவு வளைத்துக்கொண்டு நிற்காமல் போனாள். அடி எதுவும் படவில்லை. பட்டிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு தொனியில் எழுதியிருப்பேன்.

யார் பொறுப்பு என்ற கேள்விக்கு வீட்டில் உடனே பதில் கிடைத்தது: கடைக்காரர்தான், வேறு யார்? எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. பிறகு தரவிதிகளையும் தீர்ப்புகளையும் பட்டறைப் பழக்கங்களையும் கிளறிப் பார்த்தபோது, பதில் சரிதான், ஆனால் அதை நிரூபிக்கும் இடம் நான் நினைத்த இடத்தில் இல்லை என்று தெரிந்தது.

பைண்டிங் என்பது பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் கருவி. விரல் பக்கம் ஒரு துண்டு, குதிகால் பக்கம் ஒரு துண்டு, இரண்டுக்குள்ளும் வலுவான ஸ்பிரிங். அதனிடம் நாம் கேட்பதோ ஒன்றோடொன்று ஒத்துவராத இரண்டு காரியங்கள். வேகத்தில் குலுங்கும்போது காலை விடக்கூடாது. விழும்போது எலும்பு முறிவதற்குள் விட்டுவிட வேண்டும். இந்த இரண்டாவது காரியம் கருவியின் வரலாற்றில் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் குடியேறிய யால்மர் ஹ்வாம் என்ற பந்தய வீரர் 1937இல் மவுண்ட் ஹூட் மலையில் கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். மயக்கம் தெளிந்ததும் பென்சிலும் காகிதமும் கேட்டார் என்று அங்கே சொல்வார்கள். அவர் வரைந்தது, விழும்போது தானாக விடுபடும் முன்துண்டு. 1939இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. போருக்குப் பிறகு பிரான்சில் ழான் பேயில் லுக் நிறுவனத்தின் வழியாகவும், ஜெர்மனியில் ஹன்னஸ் மார்க்கர் 1952இல் கொண்டுவந்த டூப்ளெக்ஸ் வழியாகவும் அந்தக் கருத்து ஐரோப்பாவில் வேரூன்றியது.

கருத்து வேரூன்றியதே தவிர, வெகுகாலம் கருவி சொன்னபடி கேட்கவில்லை. 1972இல் வெர்மான்ட் மாநிலத்து ஸ்கீ மலை ஒன்றில் மூன்று பேர் ஒரு நெடுங்கால ஆய்வைத் தொடங்கினார்கள்: பைண்டிங் பொறியாளர் கார்ல் எட்லிங்கர், எலும்பு மருத்துவர் ராபர்ட் ஜான்சன், ஆய்வாளர் ஜாஸ்பர் ஷீலி. அடிபட்டு வந்தவரின் காலை மட்டும் பார்க்காமல் அவருடைய பலகையையும் பூட்ஸையும் வாங்கி அளந்தார்கள். இதுதான் அந்த ஆய்வின் பெருமை. பல பத்தாண்டுகளில் கிடைத்த முடிவு இரண்டு முகம் கொண்டது. கெண்டைக்கால் எலும்பு முறிவுகள் 1970களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. ஸ்கீயில் மிகப் பெரிய பாதுகாப்பு வெற்றி அதுவே. முழங்காலின் முன்குறுக்கு நார் கிழிவதோ குறையவில்லை, ஒரு காலகட்டத்தில் கூடவும் செய்தது. பின்பக்கமாகச் சாயும்போது பலகையின் வால் ஒரு நெம்புகோலாகி முழங்காலை உட்புறம் முறுக்குவதை எட்லிங்கர் மாயப்பாதம் என்ற பொருளில் பெயரிட்டு விளக்கினார். வழக்கமான பைண்டிங் அந்த முறுக்கை உணர்வதே இல்லை.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. முழங்கால் கிழிந்து வருகிற ஒருவர், பைண்டிங் விடவில்லை, கடைக்காரர் கெடுத்துவிட்டார் என்று சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம்; எந்தக் கடைக்காரராலும் தடுக்க முடியாத விபத்தாகவும் இருக்கலாம். விபத்தின் வடிவத்தை மட்டும் வைத்துப் பட்டறையின் பிழையைத் தீர்மானிக்க முடியாது. பலகையைத்தான் பார்க்க வேண்டும்.

பலகையில் என்ன பார்ப்பது? முதலில் பட்டறை மேசையில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பூட்ஸின் குதிகால் ஓரத்தில் 305, 317 என்பதுபோல ஓர் எண் பொறித்திருக்கும். அது அடியின் நீளம், மில்லிமீட்டரில். 26.5 என்று விற்கும் அளவு வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்ட பொருத்தலும் உண்டு. பூட்ஸின் பக்கவாட்டில் நடுப்புள்ளியைக் காட்டும் கோடு ஒன்று, பலகையின் மேல் அதற்கு நேர்நிற்க வேண்டிய கோடு ஒன்று. இவற்றை ஒட்டி ஜிக் என்ற உலோகச் சட்டத்தைப் பலகையின் இரு விளிம்புகளையும் கவ்வும்படி இறுக்குவார்கள். சட்டத்தில் எஃகுக் குழல்கள் இருக்கும். டிரில் அதற்குள்தான் இறங்கும். எங்கே துளை என்பதைக் கை தீர்மானிக்கக்கூடாது, சட்டம் தீர்மானிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

துளையின் ஆழம் 9 மில்லிமீட்டர். அதற்குமேல் இறங்காதபடி டிரில் பிட்டில் ஒரு வளையம் இருக்கும். விட்டம் பலகையைப் பொறுத்தது: உள்ளே உலோகத் தகடு இல்லாவிட்டால் 3.6, இருந்தால் 4.1. துளையிடும்போது வெளியே வருவதைக் கவனித்தால் பலகையின் வயிற்றைப் படித்துவிடலாம். முதலில் மேல்தோலின் வெள்ளைத் துகள், பிறகு அலுமினியக் கலவையின் வெள்ளிச் சுருள், அதற்கும் கீழே மரத்தூள். வெள்ளிச் சுருள் வந்தால் துளைக்குள் மரை வெட்ட வேண்டும். மரை வெட்டாமல் திருகாணியை முடுக்கினால் அது உலோகத் தகட்டைக் குடைந்து இறங்குவதற்குப் பதில் தகட்டையே மேலே இழுக்கும். துளையைச் சுற்றிச் சிறு எரிமலை வாய்போல மேல்தோல் புடைக்கும். அந்தப் புடைப்பின் மேல் உட்காரும் பைண்டிங் பலகையோடு ஒட்டாமல் மயிரிழை எழும்பி நிற்கும். நான்கைந்து நாள் ஆட்டத்தில் திருகு தளரும்.

துளைக்குள் கொஞ்சம் நீர்புகாப் பசை விட வேண்டும். பசை திருகைப் பிடிப்பதோடு, உருகும் பனி மரத்துக்குள் இறங்காமலும் தடுக்கிறது. பசையில்லாத துளையில் நீர் இறங்கி, உறைந்து, விரிந்து, மறுபடி உருகி இரண்டு பருவத்தில் மரத்தை உளுக்கச் செய்துவிடும். ஆனால் பசை விட்டார்களா இல்லையா என்று வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்? திருகிய பிறகு தெரியவே தெரியாது.

கண்ணுக்குத் தெரிகிற தடயமும் ஒன்று உண்டு. ஸ்கீ திருகின் தலை சாதாரண நட்சத்திரத் தலைபோல இருந்தாலும் போசிடிரைவ் என்ற வேறு வகை. சிலுவைக்கு இடையே நான்கு மெல்லிய கோடுகள் ஓடும். அதற்குரிய மூன்றாம் எண் திருப்புளி இல்லாமல் சாதாரணத் திருப்புளியால் முடுக்கினால் நுனி வழுக்கித் தலையைச் சுரண்டிவிடும். சுரண்டிய தலையைக் கண்டால், உள்ளே மரை எந்த லட்சணத்தில் இருக்கும் என்று ஊகிக்கலாம். அளவுக்குமேல் முடுக்கி மரை தேய்ந்துபோன திருகு, எவ்வளவு திருப்பினாலும் பிடிக்காமல் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். நேர்மையான பட்டறை அதை வெளியே எடுத்து, துளையை அடைத்துச் சரிசெய்யும். நேர்மையில்லாதது மேலே மூடியைப் போட்டுவிடும்.

என் வலது பலகையில் நடந்தது இவற்றைவிடக் கொச்சையான பிழை. ஜிக்கின் பின்பிடி ஒரு பக்கம் சரியாகக் கவ்வாமல் சட்டம் சாய்ந்திருக்கிறது. 300 மில்லிமீட்டர் நீளத்தில் 4 மில்லிமீட்டர் விலகினால் கோணம் முக்கால் பாகைதான். கண்ணுக்குத் தெரியாது, ஸ்பிரிங்குக்குத் தெரியும். பூட்ஸ் முன்துண்டுக்குள் கோணலாக உட்கார, ஒரு பக்கம் சுழல எளிதாகவும் மறுபக்கம் சுழலக் கடினமாகவும் ஆகிவிடுகிறது. நான் எளிதான பக்கம் விழுந்தேன். கடினமான பக்கம் என்றால் பலகை கழன்றிருக்காது, கால் போயிருக்கும். இதனால்தான் காரணமின்றிக் கழலும் பைண்டிங்கை வெறும் தொல்லை என்று ஒதுக்கக் கூடாது. அவசரத்துக்கு அங்கேயே திருப்புளி வாங்கி, பைண்டிங்கின் இறுக்கத்தைக் காட்டும் எண்ணைக் கூட்டிக்கொள்கிறவர்களை மலைமேல் பார்த்திருக்கிறேன். கோணலாக உட்கார்ந்த பைண்டிங்கில் அப்படிக் கூட்டினால், ஏற்கெனவே இறுகியிருக்கிற பக்கம் இன்னும் இறுகும்.

மலையேறி இறங்கும் டூரிங் வகையில் சங்கடம் வேறு மாதிரி. ஆஸ்திரியர் ஃபிரிட்ஸ் பார்த்தெல் 1980களில் உருவாக்கிய ஊசி பைண்டிங்கில் பூட்ஸின் விரல் பக்கம் இரண்டு சிறு முனைகளுக்கு நடுவே நிற்கிறது, குதிகாலில் இரண்டு ஊசிகள் புகுகின்றன. முன்துண்டு ஒரு மில்லிமீட்டர் திரும்பியிருந்தாலும் குதிகால் ஊசிகள் துளைக்கு நேராக வராது. சில மாதிரிகளில் பூட்ஸுக்கும் குதிகால் துண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லி, அளக்க ஒரு பிளாஸ்டிக் துண்டையும் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். பிரிக்கப்படாத உறையில் அந்தத் துண்டு அப்படியே பெட்டியோடு திரும்பி வந்தால் வாடிக்கையாளர் கொஞ்சம் யோசிக்கலாம்.

இத்தனை வம்பும் வேண்டாம் என்றுதான் பலகைத் தொழிற்சாலைகள் டிரில்லையே பட்டறையின் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தன. இப்போது கடையில் விற்கும் சாதாரணச் சரிவுப் பலகைகளில் பெரும்பாலானவற்றில் தொழிற்சாலையிலேயே தண்டவாளம் பதித்திருக்கும். பைண்டிங் அதில் வழுக்கி ஏறிப் பூட்டிக்கொள்ளும். வாடகைப் பலகைகளும் அப்படியே. அதனால் துளைப் பிழை இன்று அகலப் பலகைக்காரர்களையும் டூரிங்காரர்களையும்தான் அதிகம் பிடிக்கிறது. ஆனால் தண்டவாளத்தில் ஏறிய பைண்டிங்கையும் பூட்ஸுக்கேற்ப நகர்த்த வேண்டும், முன்னழுத்தம் பார்க்க வேண்டும், விடுபடும் எண்ணை வைக்க வேண்டும். மனிதக் கை முழுக்க விலகவில்லை.

அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம். பைண்டிங்கின் சிறு கண்ணாடிச் சன்னலில் 5 அல்லது 7 என்று தெரிவதை எல்லோரும் டிஐஎன் என்கிறார்கள். ஜெர்மன் தரநிர்ணய நிறுவனத்தின் பெயர் ஓர் எண்ணுக்கு ஒட்டிக்கொண்டது. இன்று இதற்குரிய உலகத் தரவிதி ஐஎஸ்ஓ 11088. எடை, உயரம், வயது, அடிநீளம், ஓடும் பாணி என்ற ஐந்தும் தெரிந்தால் அட்டவணை எண்ணைத் தரும். 72 கிலோ எடையும் 172 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒருவர், நிதானமாக ஓடுபவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டால், முறுக்கில் 43 நியூட்டன் மீட்டரிலும் முன்சாய்வில் 165இலும் பைண்டிங் விட வேண்டும். அவரே வேகமாக, முரட்டுத்தனமாக ஓடுபவன் என்று சொல்லிக்கொண்டால் அட்டவணையில் இரண்டு வரி இறங்கி 58, 229. ஒரு வீறாப்பு, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் இறுக்கம். 50 வயதைத் தொட்டவருக்கு ஒரு வரி குறைப்பார்கள். வயதைக் குறைத்துச் சொல்கிறவர் அதையும் இழக்கிறார்.

இங்கே பொறுப்பு வாடிக்கையாளர் பக்கம் சாய்கிறது. படிவத்தில் எழுதியது பொய்யென்றால் பட்டறையைக் குறைசொல்ல முடியாது. சுவிட்சர்லாந்தில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியோடு பனி முகாமுக்குப் போகும் வாரத்தில் வாடகைக் கடைகளில் நின்று பார்த்தால் இது புரியும். ஜெர்மன் படிவத்தை நிரப்புவது பெரும்பாலும் பிள்ளைதான். போன வருட எடை, பந்தா காட்டும் பாணி, பக்கத்தில் பெருமையோடு நிற்கும் அப்பா. கடைக்காரர் மறுபடி ஒரு தடவை எடையைக் கேட்டால் சிலருக்குக் கோபம்கூட வருகிறது. கேட்கிற கடையே நல்ல கடை.

ஆனால் படிவம் உண்மையாக இருந்தாலும் சன்னலில் தெரியும் எண் ஒரு வாக்குறுதி மட்டுமே. ஸ்பிரிங் களைத்திருக்கலாம், முன்துண்டின் கீழுள்ள உராய்வுக் குறைப்புத் தகட்டில் மண் படிந்திருக்கலாம், பூட்ஸின் அடி தேய்ந்திருக்கலாம், அல்லது என்னுடையதுபோல எல்லாமே கோணலாக இருக்கலாம். நடப்பதற்கு வசதியாக ரப்பர் வைத்து வளைத்த புதுவகை அடியை, தட்டையான கடின அடிக்காகச் செய்த பழைய பைண்டிங்கில் மாட்டினால், சொடக்கென்று பூட்டிக்கொள்ளும். விடவேண்டிய நேரத்தில் ரப்பர் ஒட்டிக்கொள்ளும். சன்னலில் எண் அப்போதும் 5தான்.

எனவேதான் தரவிதி எண்ணோடு நிற்கவில்லை. பூட்ஸைப் பைண்டிங்கில் மாட்டி, முறுக்குமானி வைத்து இடப்பக்கம், வலப்பக்கம், முன்பக்கம் என்று உண்மையாகவே விடுவித்துப் பார்த்து, வந்த அளவு அட்டவணையின் எல்லைக்குள் இருக்கிறதா என்று எழுதச் சொல்கிறது. எட்லிங்கர் கூட்டத்தார் உருவாக்கிய வெர்மான்ட் அளவுமானி முதல் இன்றைய தானியங்கி இயந்திரங்கள்வரை இதற்கென்றே கருவிகள் உண்டு. சுவிஸ் விபத்துத் தடுப்பு ஆலோசனை மையம், இப்படிக் கருவியால் அளந்து சரிசெய்த பலகைக்கு ஒட்டும் சிறு வில்லை ஒன்றை வைத்திருக்கிறது. ஆண்டுக்கொரு முறை அளக்கச் சொல்கிறது. நூல் பிடித்து நான் கண்டுபிடித்ததை இந்தச் சோதனை இரண்டே நிமிடத்தில் காட்டியிருக்கும். இடத்துக்கும் வலத்துக்கும் எண்கள் ஒத்துவந்திருக்காது.

அமெரிக்காவில் பட்டறையின் பொறுப்பு ஒரு விசித்திரமான வடிவம் எடுத்தது. 1970களின் இறுதியில் வெர்மான்டில் ஸ்கீ மலை ஒன்றின்மேல் 15 லட்சம் டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தது. அதற்கும் பைண்டிங்குக்கும் தொடர்பில்லை என்றாலும் தொழில் முழுவதும் நடுங்கிப் போனது. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. பைண்டிங் நிறுவனங்கள் கடைகளோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: எங்கள் பயிற்சியில் தேறிய ஊழியர், எங்கள் முறைப்படி, எங்கள் பட்டியலில் உள்ள மாதிரியைப் பொருத்திச் சோதித்து, பதிவும் வைத்திருந்தால், வழக்கு வரும்போது கடையின் பக்கம் நாங்கள் நிற்போம். ஆண்டுதோறும் புதுப் பட்டியல். வயதான மாதிரிகள் அதிலிருந்து உதிரும். உதிர்ந்த பைண்டிங்கோடு கடைக்குப் போனால், நன்றாகவே இருக்கிறதே என்று எவ்வளவு வாதாடினாலும் தொட மாட்டார்கள். வாடிக்கையாளர் இதைக் கடைக்காரரின் பேராசை என்று நினைக்கிறார். கடைக்காரருக்கோ அது, இனி உன் பின்னால் யாரும் இல்லை என்ற அறிவிப்பு. இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: பதிவு இல்லாவிட்டால் பாதுகாப்பு இல்லை என்பதால் கடைகள் எழுதிவைக்கப் பழகின.

இன்னொரு அமெரிக்கப் பழக்கம் பிடிக்கவில்லை. பலகையை வாங்கும்போதே, என்ன நேர்ந்தாலும் உங்கள்மேல் வழக்குப் போட மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொள்வது. இந்தக் கையெழுத்தின் வலிமை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாடகைப் பைண்டிங் விடாமல் காயம்பட்ட ஒருவரின் வழக்கில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993இல் ஒரு கோடு கிழித்தது. கடையின் அலட்சியத்துக்காக வழக்காடும் உரிமையை அந்தக் கையெழுத்து தடுக்கும்; குறையுள்ள பொருளைச் சந்தைக்கு அனுப்பியவர்களின் பொருட்பொறுப்பை அது அழிக்காது. இரண்டாண்டு கழித்து வெர்மான்ட் உச்ச நீதிமன்றம், வேறொரு ஸ்கீ விபத்தில், இப்படிப்பட்ட கையெழுத்தே பொதுநலனுக்கு விரோதம் என்று தள்ளிவிட்டது. மலையைப் பராமரிப்பவர்தான் அபாயத்தை அறியவும் குறைக்கவும் முடியும், வந்துபோகிறவரால் முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மலை என்ற இடத்தில் பட்டறை என்று போட்டுப் பார்த்தாலும் வாதம் குலையவில்லை.

ஐரோப்பாவில் இந்தக் குழப்பம் குறைவு. ஜெர்மனியில் அச்சிட்ட பொது நிபந்தனைகளால், அலட்சியத்தால் வரும் உடற்காயப் பொறுப்பை உதறவே முடியாது. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டமும் அப்படியே. சுவிஸ் கடப்பாட்டுச் சட்டம் கடும் அலட்சியத்துக்கு முன்கூட்டியே விலக்கு வாங்கிக்கொள்வதைச் செல்லாததாக்குகிறது. காயம் பட்டால் வழி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காயம் படாதவருக்கு, கையில் ஒரு கெட்டுப்போன பலகை மட்டும் உள்ளவருக்கு?

இங்கேதான் சட்டம் துளையோடு முட்டிக்கொள்கிறது. கூலிக்குச் செய்த வேலை கோணலானால் சட்டத்தின் முதல் மருந்து, திரும்பச் செய் என்பது. ஜெர்மன் சட்டத்தில் முதலில் சரிசெய்துதரும் வாய்ப்பைத் தொழிலாளிக்குக் கொடுத்தாக வேண்டும். பிரிட்டிஷ் சட்டத்திலும் முதல் பரிகாரம் திரும்பச் செய்வதே. தையல்காரர் சட்டையைப் பிரித்துத் தைக்கலாம். பெயிண்டர் சுவரைச் சுரண்டி மறுபடி பூசலாம். பலகையில் போட்ட துளையைத் திரும்பப் பெற முடியாது. பழைய துளைக்கும் புதியதற்கும் இடையே ஒரு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது பட்டறைகளின் பொதுவிதி. நெருங்கினால் இரண்டும் சேர்ந்து ஒரே பள்ளமாகி, விழும் வேகத்தில் திருகுகளோடு பைண்டிங்கே பெயர்ந்து வந்துவிடும். பிழை பெரிதாக இருந்தால் சமாளிக்கலாம்: 20 மில்லிமீட்டர் தள்ளிப் போட்டுவிட்டார்களா, பழையவற்றை முளையும் எபாக்சியும் வைத்து அடைத்துச் சரியான இடத்தில் புதிதாகத் துளையிடலாம். 4 மில்லிமீட்டர் பிழைக்குத்தான் மருந்தில்லை. பிழை சிறிதாக ஆக ஆகத் திருத்துவது கடினமாகிற தொழில் எனக்குத் தெரிந்து வேறு அதிகம் இல்லை.

சுவிஸ் சட்டத்தில் தேர்வு வாடிக்கையாளர் கையில் இருக்கிறது. வேலை பயன்படாத அளவுக்குக் கெட்டிருந்தால் ஏற்க மறுக்கலாம், கூலியைக் குறைக்கலாம், இலவசமாகச் சரிசெய்யச் சொல்லலாம். தவறு அவர்களுடையது என்றால் நட்டமும் கேட்கலாம். ஒரு நிபந்தனை: பொருளைக் கையில் வாங்கியதும் வழக்கப்படி பார்க்க வேண்டும், மறைந்திருந்த குறை தெரிந்தால் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். ஒரு பருவம் முழுக்க ஓடித் தேய்த்துவிட்டு ஏப்ரலில் போய் நிற்க முடியாது.

நான் திங்கட்கிழமை காலையிலேயே போய் நின்றேன். நூலையும் கொண்டுபோனேன்.

முதலாளி அறுபதை ஒட்டியவர். பலகையைப் பார்க்கவில்லை, முதலில் என்னைப் பார்த்தார். "நீங்களாகத் திருப்புளி வைத்தீர்களா?" என்றார். இல்லை என்றேன். மேசையில் வைத்து நூலை இழுத்துக் காட்டியதும் பேச்சு நின்றது. இயந்திரத்தில் மாட்டி அளந்தார். ஒரு பக்கம் அட்டவணைக்குக் கீழே, மறுபக்கம் அட்டவணைக்கு மேலே. மோட்டார் அந்த மறுபக்கத்தை விடுவிக்கத் திணறியபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு பேரம். பைண்டிங்கை முழுக்க 12 மில்லிமீட்டர் பின்னால் தள்ளி, புதிய துளை போட்டு, பழையதை அடைத்துத் தருகிறேன் என்றார். அது பழைய துளைகளை விட்டு விலகும், உண்மைதான். ஆனால் வலது பலகை மட்டும் பின்தள்ளி நிற்க முடியாது. பிழையில்லாத இடதையும் ஓட்டையாக்க வேண்டும். இரண்டு பலகையிலும் நிற்கும் இடம் மாறும், திரும்பும் குணம் மாறும். "ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை, உங்களுக்குத் தெரியவே தெரியாது" என்றார். தெரியாமலிருக்கலாம், நான் அவ்வளவு பெரிய ஓட்டக்காரன் இல்லை. என்றாலும் நான் கொடுத்தது துளையில்லாத பலகை என்றேன்.

முடிவைத் தீர்மானித்தது என் வாதமோ சட்டப்பிரிவோ நூலோ இல்லை. வேலைச் சீட்டின் நகலை எடுத்து வரச் சொன்னார். எடை, உயரம், வயது, அடிநீளம் எல்லாம் எழுதியிருந்தது. வைத்த எண் எழுதியிருந்தது. அதன் கீழே இடம், வலம், முன் என்று அளந்த மதிப்புக்கான கட்டங்கள், இரண்டு பலகைக்கும். அத்தனையும் காலி. காலிக் கட்டங்களுக்குக் கீழே ஒரு கையெழுத்து, நேர்த்தியாக. வெள்ளி மாலை, பயிற்சிக்கு வந்த பையன், கடையில் கூட்டம் என்று அவரே சொல்லிக்கொண்டார், என்னிடம் சொல்வதுபோல இல்லை.

சண்டை போடத் தயாராகப் போனவனுக்கு அப்போது அவர்மேல் இரக்கம் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சீட்டை எடுத்து ஒளித்திருக்கலாம். மேசைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். பலகையின் இன்றைய மதிப்புக்கு ஈடாகப் போன பருவத்து ஜோடி ஒன்றை ரேக்கிலிருந்து எடுத்தார். பைண்டிங்கைக் கழற்றி அதற்கு மாற்றுவதும் சோதனையும் அவர் செலவு. பழைய பலகைகளை நான் திரும்பக் கேட்கவில்லை. பையனுக்குத் துளையிடப் பழக உதவும் என்றார்.

புதன்கிழமை போனபோது புதிய சீட்டைக் கொடுத்தார். ஆறு கட்டங்களிலும் எண்கள், கீழே இம்முறை அவருடைய கையெழுத்து. இடத்துக்கும் வலத்துக்கும் வித்தியாசம் ஒரு நியூட்டன் மீட்டர். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பலகைகளைத் தோளில் போட்டு வெளியே வந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்க மலையில் பனியில்லை.